லயத்து வாசலில் எரிந்த காமன்

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை மலைவிளிம்பில் நூலிழைபோலத் தோன்றும் அந்தி வேளையில், இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கு நடுவே உள்ள சிறு வெளியில் ஒரு குழி தோண்டி, ஆமணக்கு முதலான கொம்புகளையும் வைக்கோலையும் வரட்டியையும் சேர்த்துக் கட்டிய கம்பமொன்றை நட்டு, அதற்குப் பூசை செய்து கும்பிடுகிற வழக்கம் பல தலைமுறைகளாக நிலைபெற்று வந்திருக்கிறது. அந்தக் கம்பந்தான் காமன். அன்று தொடங்கிப் பௌர்ணமி இரவு வரையில், பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த ஜனங்கள், பொழுது சாய்ந்ததும் அந்தக் கம்பத்தைச் சுற்றிக் கூடி, மன்மதன் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலான கதையை ஆடியும் பாடியும் நடத்துவார்கள். மலையகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் காப்பி, தேயிலை, கங்காணி, கப்பல், சட்டம், ஒப்பந்தம் என்று காகிதத்தில் பதிந்தவற்றையே பெரும்பாலும் நாடிச் சென்றிருக்கிறார்கள். எழுத்தும் ஏடும் நெடுங்காலம் எட்டாதிருந்த ஒரு ஜனசமூகம் தன் ஞாபகத்தை எங்கே வைத்துக் காப்பாற்றியது என்று கேட்டால், அந்தக் கம்பத்தடியிலே, ஆடியவர்களின் கால்களிலே என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

கதை எல்லோரும் அறிந்ததே. தக்கனுடைய யாகம் அழிந்தபின் கடுந்தவத்தில் அமர்ந்துவிட்ட சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். புதுமணப்பெண்ணான ரதி போகவேண்டாமென்று தடுக்கிறாள். அவன் கேளாமற் சென்று மலர்க்கணை தொடுத்து எரிந்துபோகிறான். ரதி அழுது வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகும்படி அவன் மீண்டும் உயிர்பெறுகிறான். காளிதாசனுடைய குமாரசம்பவம் இதைக் காவியமாக்கிற்று. மாயூரத்துக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையை, காமனை எரித்த வீரட்டானத் தலமாகச் சைவர்கள் போற்றுகிறார்கள். தஞ்சைச் சீமையில் மராட்டியர் காலம் முதலாக வளர்ந்த லாவணிப் பாட்டுக்காரர்கள், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியுமாகப் பிரிந்து விடிய விடிய வாதாடியிருக்கிறார்கள். இத்தகைய கதையை மடியில் முடிந்துகொண்டுதான் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், தென்னார்க்காடு ஆகிய பிரதேசங்களின் ஏழை ஜனங்கள், பஞ்சத்துக்கும் பண்ணையார்களின் கொடுமைக்கும் தப்பிக் கடல் கடந்தார்கள்.

ஆயினும் அவர்கள் வந்த நாளிலேயே இக்கூத்து மலையில் ஊன்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய காப்பிச் செய்கை, பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே ஏராளமான ஆட்களை வேண்டிற்று. பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். வந்து போகிறவனுக்கு இரண்டு ஊர் உண்டு. அவனுடைய சாமியும் கூத்தும் பிறந்த ஊரிலேயே இருக்கலாம். 1869ஆம் ஆண்டில் காப்பியிலையிற் கண்ட நோய் சில வருஷங்களுக்குள் அந்தப் பயிரை மலையைவிட்டே துடைத்தெறிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது வேலையின் இயல்பே மாறிற்று. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது, வாரந்தோறும் பறிக்கவேண்டியது, பறிக்கப் பெண்களின் விரல்களை வேண்டுவது. ஆகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், பெற்றவர்களை அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். பல வருஷம் தொடர்ந்து ஆடுவதாக நேர்ந்துகொள்ளும் ஒரு சடங்கு, அடுத்த மாசியிலும் நாம் இங்கேதான் இருப்போம் என்ற நிச்சயம் பிறந்த பிறகே வேர்கொள்ள முடியும். காமன் கம்பம் ஊன்றிய நாளைத்தான் அந்த ஜனங்கள் தம்மை அம்மலைக்கு உரியவர்களாக எண்ணத் தொடங்கிய நாள் என்று நான் கொள்கிறேன். அதற்கு எந்தக் கச்சேரியிலும் பதிவு இல்லை.

அவர்கள் குடியமர்ந்த இடத்தின் அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். தோட்டம் என்பது கிராமம் அன்று. கிராமம் குளத்தையும் கோயிலையும் ஒட்டித் தானாக வளர்வது. தோட்டமோ துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் காகிதத்தில் முதலில் கோடாக விழுந்து பிறகே மண்ணில் எழுந்தது. மேட்டில் துரையின் பங்களா, அதற்குக் கீழே உத்தியோகத்தரின் வீடுகள், ஆற்றோரம் ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலை, காற்றும் வெயிலும் நன்கு வராத சரிவில் லயங்கள் என்று, உயரமே அந்தஸ்தாக வகுக்கப்பட்ட இடம் அது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகவும், பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியும் நிற்கும் காம்பராக்கள் என்னும் அறைகள். ஒவ்வொன்றும் 10க்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு பீலி, அதாவது தண்ணீர்க் குழாய். யார் எந்த லயத்தில் இருப்பது என்பதை, ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணி வகுத்தார். அதில் ஜாதியும் கலந்திருந்தது. வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். உள்ளே இருந்தவர் வெளியேறவோ, பெரிய கங்காணியிடம் பட்ட கடன் தொகையைக் கட்டினால் விடுவிப்பதாக எழுதிய துண்டு வேண்டும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தபோதிலும் மலையைச் சுற்றியிருந்த கண்ணுக்குத் தெரியாத வேலி உடனே விழுந்துவிடவில்லை. நடக்கும் பாதை, நிற்கும் இடம், குனியும் நேரம் யாவும் பிறரால் நியமிக்கப்பட்ட வாழ்க்கை அது.

அந்த வாழ்க்கையை எழுப்பியதும் உறங்கவைத்ததும் தப்பு என்னும் தோற்பறை. விடியற்காலை இருளில் லயத்துக்கு லயம் கேட்கும்படி அடித்த பெரட்டுத் தப்புக்கு ஜனங்கள் பதறி எழுந்து, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றார்கள். சாவு விழுந்தாலும் அதே தப்பு. சாமியை அழைப்பதற்கும் அதே தப்பு. காமன் கூத்துக்கும் அதே தப்புத்தான், அடிமட்டுந்தான் வேறு. தோலை நெருப்பில் காய்ச்சி, சிம்புக்குச்சியும் அடிகுச்சியும் மாறி மாறி விழும்போது, இது எதற்கான அடி என்பதைத் தொட்டிலிற் கிடக்கும் பிள்ளையும் அறியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காலையில் கூலிக்கு அழைத்த வாத்தியமே இரவில் தேவர்களை அழைத்தபோது, அதைக் கேட்டு எழுந்த உடம்பில் என்ன மாறுதல் நிகழ்ந்திருக்கும் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முதுகில் கூடையின் பாரமும் நெற்றியில் கயிற்றின் தழும்பும் ஏறியவர்கள் அந்த அடிக்கு நிமிர்ந்தார்கள். இதனை வாசித்த கலைஞர்களை ஜாதியின் பெயரால் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒதுக்கியதும் அதே சமூகந்தான். சாமியை அழைக்க அவர்களை வேண்டி, சாமிக்கு அருகில் அவர்களை நிற்கவிடாத அந்த அநீதியை மறைத்து எழுதும் எந்தச் சரித்திரமும் பாதிச் சரித்திரமே. அவமானம் வேண்டாமென்று தப்பைக் கீழே வைத்துவிட்ட அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் குறைகூற நமக்கு வாய் இல்லை.

மாசி மாதம் இக்கூத்துக்கு வாய்த்ததற்குப் பூமியும் ஒரு காரணம். மேற்குச் சரிவுகளில் அக்காலம் மழை குறைந்த காலம், நுவரெலியாப் பக்கத்தில் விடியற்பனி புல்லை வெளுக்கச் செய்யும், கொழுந்து குறையும், வானம் துடைத்தாற்போல் நிலவு காயும். சித்திரையை ஒட்டிப் பெருங்கொழுந்து வருமுன் கிடைக்கும் அந்த இடைவெளியில் கூத்தின் மாஸ்டர் தம் மாணாக்கரைத் திரட்டுகிறார். ரதி மன்மதனாக வேஷம் கட்டுவோர் பெரும்பாலும் நேர்த்தியினால் வருபவர்கள். பிள்ளை வரம் வேண்டியோ, நோயிற் பிழைத்ததற்கு நன்றியாகவோ, இத்தனை வருஷம் காமனுக்கு ஆடுவதாகப் பெற்றோர் நேர்ந்திருப்பார்கள். ரதியும் ஆண்பிள்ளையே. விரதம் பிடித்து, காலில் சலங்கை கட்டி, வண்ணத்தாளும் ஜிகினாவும் ஒட்டிய முடி தரித்து, கரும்பு வில்லேந்தி அவர்கள் புறப்படும்போது, நேற்றுவரை பெயர்சொல்லி அழைத்த பையன்களைத் தாயும் கைகூப்பிக் கும்பிடுவாள்.

புறப்படுதல் என்று சொன்னேன். இக்கூத்தின் உயிரே அதில் இருக்கிறது. ஒரு மேடையில் நின்று முடிவதன்று இது. ரதியும் மன்மதனும் தப்புக்காரர் முன்செல்ல, மேட்டு லயம், பணிய லயம், அடுத்த டிவிஷன் என்று வாசல்தோறும் சென்று ஆடுகிறார்கள். ஒவ்வொரு இஸ்தோப்பிலும் குத்துவிளக்கும் தட்டுமாகக் குடும்பம் காத்து நிற்கிறது. பகலில் கங்காணியின் குரலுக்கு அஞ்சி ஓடிய அதே குறுக்குப் பாதைகளில் இரவில் தேவர்கள் நடக்கிறார்கள். பெரட்டுக் களமோ அதை ஒத்த வெளியோ கைலாயமாகிறது. ஸ்டோருக்குப் போகும் வளைவு இந்திரசபையாகிறது. யமனும் வீரபத்திரனும் தீவட்டி வெளிச்சத்தில் ஓடிவரும்போது பிள்ளைகள் அலறிக்கொண்டு காம்பராவுக்குள் ஒளிகிறார்கள். அளவுகோல் பிடித்து வகுத்த ஓர் இடத்தை, அளந்தவனுக்குத் தெரியாமல், அத்தனை இரவுகளும் தங்கள் ஊராக மாற்றிக்கொண்ட இந்தச் செயலைச் சிறிதென்று எண்ணலாகாது. நிலவுரிமையும் வாக்குரிமையும் இல்லாதவர்கள் ஒரு நிலத்தை உரிமையாக்கிக்கொள்ளக் கையிலிருந்த ஒரே வழி, அதில் நடந்து, அதில் ஆடி, அதன் ஒவ்வொரு வாசலையும் கதையினுள் சேர்த்துவிடுவதே. அருச்சுனன் தபசில் நெடிய மரமேறிப் பாடுபவனும், கொங்கு நாட்டிலிருந்து வந்த பொன்னர் சங்கர் கூத்தில் படுகளத்தில் விழுந்து எழுபவனும் இதையே வேறு வகையிற் செய்தார்கள். ஆனால் வாசல் வாசலாகச் செல்லும் பேறு காமனுக்கே வாய்த்தது.

பௌர்ணமி இரவில் கம்பத்துக்குத் தீ வைக்கிறார்கள். சீறிக்கொண்டு தீப்பொறி பாய்ந்து கம்பம் பற்றி எரியும் அக்கணத்தில் தப்பு நின்றுவிட, ரதி விழுந்து புரண்டு ஒப்பாரி வைக்கிறாள். அப்போது அழாத பெண் அந்த மலையில் இல்லை. கதையில் வரும் ஒரு தேவதைக்காக மட்டும் அப்படி அழுதார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆதியில் வந்தவர்கள் இராமேசுவரத்துப் பக்கத்துக் கரைகளிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தே வந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்கவேண்டியிருந்தது. நாளடைவில் அந்த நடைப்பயணம் ஓய்ந்தது; 1914இல் தலைமன்னார்த் துறைக்கு ரயிலும் கப்பலும் வந்து இணைந்தன. ஆயினும் வழியில் மடிந்தவர்களுக்குக் கல் இல்லை, கருமாதி இல்லை. அழுவதற்கு நேரமின்றிப் போன அழுகை எங்கேயாவது போய்த் தங்கத்தானே வேண்டும்? போகாதே என்று தடுத்தும் போனவன் சாம்பலானான், சாம்பலானவன் என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான் என்று ரதி சொல்லும்போது, கணவனையோ தகப்பனையோ காட்டில் விட்டுவந்தவளின் பேத்தி அதைத் தன் வீட்டுக் கதையாகவே கேட்டிருப்பாள்.

கூத்துக்கு வெளியேயும் பாட்டு அந்த மலையில் வேலை செய்திருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரிபோல வேஷமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். பிற்காலத்தில் ஹட்டனில் தங்கித் தொழிற்சங்கம் நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் முன்வந்து பாரதியின் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். தம் பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். ரதியின் வேஷத்தையும் ஆண்களே கட்டிய ஓர் உலகத்தில், ஒரு பெண் சந்தியில் நின்று நியாயத்தைப் பாட்டாகக் கேட்ட காட்சி எத்தகைய அதிர்ச்சியையும் ஆறுதலையும் தந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. அரசியல் பேச்சு விளங்காதவர்க்கும் மெட்டு விளங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்தப் பாட்டுகளை ஏட்டில் ஏற்றியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்ற அவர், தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் கங்காணியைப் பழித்த பாட்டுமாக லயங்களில் வழங்கியவற்றைச் சேகரித்து மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற நூலாக 1983இல் தந்தார். அவர் பாராளுமன்றத்தில் அமர்ந்த மறு வருஷமே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய ஜனங்களுள் ஏறக்குறைய 7 லட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. தங்கள் பிரதிநிதியைத் தெரிந்தெடுத்த கைகளிலிருந்தே வாக்கு பறிபோயிற்று. அந்தக் கைகள் கொழுந்து பறிப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

பிறகு வந்தது 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம். 9,75,000 மனிதரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னால் பார்த்துக்கொள்வது என்று, ஆட்டு மந்தையைப் பங்கிடுவதுபோலப் பங்கிட்டார்கள். அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு இங்கே, பெற்றவர்கள் அங்கே. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு ஜனங்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி, எழுத்தாளர் மு. சிவலிங்கம் அப்பெயரையே தம் சிறுகதைத் தொகுதிக்குச் சூட்டினார். ஹட்டன் ரயில் நிலையத்து மேடையில் கட்டிப்பிடித்து அழுதவர்களின் குரலில் ரதியின் குரல் கலந்திருந்ததா, ரதியின் குரல் அதற்குப்பின் அந்த மேடையின் நினைவால் கனத்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஒன்று நிச்சயம்: தப்படிப்பவரும் மாஸ்டரும் நேர்த்திக்காரரும் சேர்ந்து ஒரு தோட்டத்தின் கூத்தைத் தாங்கியிருக்க, அவர்களுள் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் போய்விட்டால், மீதிப்பேர் எதைக்கொண்டு ஆடுவது? பாட்டின் ஓரடி கோத்தகிரியிலும் மறு அடி கொட்டகலையிலுமாகச் சிதறிற்று. 1977, 1981, 1983 ஆகிய வருஷங்களில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத் தீயில் லயங்களும் எரிந்தன. அப்படி எரிந்தவற்றை எழுப்பித் தர எந்தத் தெய்வமும் இறங்கி வரவில்லை.

இன்றைய மலையகத்துப் பிள்ளைகளிற் பலர் தோட்டத்தில் இல்லை. கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பெரிய வீடுகளின் சமையற்கட்டுகளிலும், கட்டுநாயக்கப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள். பாட்டன் கடல் கடந்து ஏறிய மலையிலிருந்து பேரன் இறங்குகிற இந்த இரண்டாவது புலப்பெயர்வுக்கு இன்னும் ஒரு கூத்து பிறக்கவில்லை. தீபாவளிக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் பஸ்களில் நெருக்கியடித்துக்கொண்டு அவர்கள் வீடு திரும்புகிறார்கள். மாசிக் கூத்துக்கு அத்தனை நாள் விடுமுறை தரும் முதலாளி இல்லாமையால், பல தோட்டங்களில் கூத்து கடைசி ஓரிரவாகச் சுருங்கிவிட்டது. சில இடங்களில் அது ஒளிவிளக்குகளின் கீழ் மேடையேறுகிறது. பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஆராய்கிறார்கள். மேடையேறியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் செதுக்கிய கூத்தில் முதலில் வெட்டுப்படுவது வாசல் வாசலாகச் செல்லும் அந்த நடைதான் என்பதைக் காணும்போது, வேரை விட்டுப் பூவைக் கொய்ததுபோல் மனம் வருந்துகிறது. கம்பளையை அடுத்த பழைய பீகாக் தோட்டத்தில், லயத்துக் காம்பராக்களையே செப்பனிட்டு 2007இல் தொழிலாளருக்கென அமைத்த அருங்காட்சியகத்தில் கூடையும் கத்தியும் பாத்திரங்களும் பாதுகாப்பாக இருக்கின்றன. ஒரு தப்பையும் அங்கே வைக்கலாம்; அதன் அடியை வைக்க முடியாது.

அந்த நடை வேறொரு வடிவில் திரும்பி வந்ததை 2023ஆம் ஆண்டில் தேசம் கண்டது. மலையகத் தமிழர் வந்து 200 வருஷம் நிறைந்ததை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆந் தேதி தலைமன்னாரிற் புறப்பட்ட கூட்டமொன்று, மன்னார், மதவாச்சி, தம்புள்ளை வழியாக, முன்னோர் நடந்த திசையிலேயே 16 நாள் நடந்து ஆகஸ்டு 12இல் மாத்தளையை அடைந்தது. 250 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். கிழவிகளும் இளைஞரும் பாதிரிமாரும் ஆசிரியரும் அதில் நடந்தார்கள். வழியில் சிங்களரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் தண்ணீரும் உணவும் தந்து எதிர்கொண்டார்கள். நிலம், வீடு, கூலி, சமத்துவம் என்று அவர்கள் கேட்டவை ராஜாங்கத்துக்குரிய கோரிக்கைகள். கேட்ட விதமோ கூத்துக்குரியது. அவர்களை அம்மண்ணுக்கு உரியவர் என்று எழுதித்தர 1948க்குப்பின் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை ஒரு தேசம் தாமதித்திருக்க, அவர்கள் காலால் எழுதிக் காட்டினார்கள்.

அவர்கள் நடந்து சேர்ந்த மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. மன்னார்க் காட்டைக் கடந்து பிழைத்து வந்தவர்கள் மலையேறுமுன் நின்று மூச்சுவிட்ட ஊர் அது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அங்கே அம்மனோடு ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன. அதே நிலவு தெற்கே மலைகளின்மேல் ஏறும்போது, தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஏதேனும் ஒரு லயத்து வாசலில், கொழும்பிலிருந்து அன்று மாலைதான் பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பையன் ரதியின் சலங்கையைக் காலிற் கட்டிக்கொண்டிருப்பான். தப்புக்காரர் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருப்பார். இஸ்தோப்பில் தட்டோடு ஒருத்தி காத்து நிற்பாள்.